நடுவிரல் மரத்துப்போகிறது. கழுத்தில் நெட்டி எடுக்கலாமா?

ஓவர்லாக்_திருப்பூர்:
வயது 44, பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் வேலை. நாள் முழுக்கக் குனிந்த தலைதான். சில வாரங்களாக வலது தோள்பட்டையிலிருந்து கை வழியாகச் சுரீரென்று இழுக்கிறது, நடுவிரல் மரத்துப்போகிறது. கையைத் தூக்கித் தலைமேல் வைத்தால் குறைகிறது. பஸ்ஸில்கூட அப்படியே உட்கார்ந்து வருகிறேன். கடன் தொல்லையா என்று பக்கத்து சீட்டுக்காரர் விசாரிக்கிறார். ஸ்கேனில் சி6-சி7 டிஸ்க் (கழுத்தெலும்பு 6-க்கும் 7-க்கும் நடுவிலுள்ள மெத்தை) பிதுங்கல், சி4-சி5 லேசான தேய்மானம் என்று போட்டிருக்கிறது. சலூன் அண்ணன் ஒரு நெட்டி எடுத்தால் சரியாகிவிடும் என்கிறார். எடுக்கலாமா? ஆபரேஷன்வரை போகுமா?

பிசியோ_மதுரை:
நெட்டி வேண்டவே வேண்டாம் அண்ணா. மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக் குழாய்கள் கழுத்தெலும்புகளின் பக்கவாட்டு ஓட்டைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. வெடுக்கென்று திருகினால் அவற்றின் உட்சுவர் கிழியலாம். அரிதுதான், ஆனால் பக்கவாதத்தில் முடிந்த கேஸ்கள் உண்டு. அதுவும் தலை திரும்புவதில் ஏறக்குறைய பாதி, முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே நடக்கிறது. அங்கே டிஸ்க்கே கிடையாது. உங்கள் கோளாறு இருப்பது கழுத்தின் அடியில்.

கழுத்தெலும்பு 7, நரம்பு 8 ஜோடி. முதல் நரம்பு முதல் எலும்புக்கு மேலேயே கிளம்பிவிடும். அதனால் 6-க்கும் 7-க்கும் நடுவில் வருவது 7-ஆம் நரம்பு. நடுவிரலும் முழங்கையை நீட்டும் பின்தசையும் அதன் பொறுப்பு. நீங்கள் சொல்வது அப்படியே பொருந்துகிறது. தலைமேல் கை வைத்தால் நரம்பின் இழுவை தளரும். நாங்களே அதைச் சோதனையாகச் செய்து பார்ப்போம். சி4-சி5 பற்றிக் கவலைப்படாதீர்கள். வலியே இல்லாத பலருக்கும் இந்த வயதில் ஸ்கேனில் அது தெரியும்.

பெரும்பாலானவர்களுக்கு மருந்து, பயிற்சியிலேயே சில மாதங்களில் அடங்கிவிடும். ஆனால் சட்டைப் பொத்தான் போடவோ ஊசியில் நூல் கோர்க்கவோ விரல் தடுமாறினால், நடை தள்ளாடினால், சிறுநீர் கட்டுப்படாமல் போனால் தாமதிக்காதீர்கள். அப்போது நசுங்குவது தண்டுவடம். அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். கை பலம் குறைந்துகொண்டே போனாலும் அப்படித்தான்.

ஓவர்லாக்_திருப்பூர்:
நூல் தடுமாறாமல் கோர்க்க முடிகிறது, நன்றி தம்பி. சலூனில் முடி மட்டும் வெட்டிக்கொள்கிறேன். மெஷின் மேசையை உயர்த்தித் தரக் கேட்டேன். ஒருவருக்குச் செய்தால் லைன் முழுக்கச் செய்யணுமாம்!

கோவை_லேத்:
எனக்கு மரப்பது சுண்டுவிரல். அப்போ 8-ஆம் நரம்பா?

பிசியோ_மதுரை:
இருக்கலாம். ஆனால் முழங்கையை மடித்துப் போன் பேசும்போது கூடுகிறதென்றால் முதலில் முழங்கையைக் காட்டுங்கள். முழங்கை முட்டி இடித்தால் விண்ணென்று ஏறுமே, அந்த நரம்பு அங்கே நசுங்கினாலும் சுண்டுவிரல்தான் மரக்கும். கழுத்து ஸ்கேனுக்கு அவசரப்பட வேண்டாம்.