புதுப்பிப்பு: சிறிய தனியார் கல்லூரியா, கிண்டி வளாகமா? மகள் சேர்ந்துவிட்டாள்

இயந்திரவியல் படிக்க அருகிலுள்ள சிறிய தனியார் கல்லூரியா, அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகமா என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

வேலை நாளில் நேரில் சென்று பணிமனையைப் பாருங்கள் என்ற யோசனையே முடிவைத் தந்தது: ஜூன் மாதத்தில், தனியார் கல்லூரியின் லேத் இயந்திரக் கைப்பிடியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அழியாமல் இருந்தது.

பொறியியல் கலந்தாய்வில் நாம் கொடுக்கும் விருப்பப் பட்டியலின் வரிசைப்படியே இடம் பார்க்கப்படுவதால், கிடைக்காது என்று தோன்றினாலும் கிண்டியை முதலில் வைக்கச் சொன்னதும் சரியாயிற்று. தற்காலிக ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரி வந்தபோது, ஏற்றுக்கொண்டு பட்டியலில் அதற்கு மேலுள்ள கல்லூரிக்குக் காத்திருக்கும் தெரிவைக் கொடுத்தோம், கிண்டி கிடைத்தது.

எதிர்பாராதது செலவுதான். கல்விக் கட்டணத்தைவிட விடுதிக்கும் உணவுக்குமே அதிகம் கட்டுகிறோம்.