மூன்று ஊசிக்கும் அடங்காத மடிநோய்: உங்கள் மாட்டுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மூன்றுமாட்டுக்காரன்

எங்கள் கட்டுத்தரையில் மூன்று உருப்படி. இரண்டு ஜெர்சி கலப்பு, ஒன்று எச்.எஃப். (ஹோல்ஸ்டீன்) கலப்பு. எச்.எஃப். இரண்டாம் ஈத்து, கன்று போட்டு ஐம்பது நாள் இருக்கும். காலையில் பத்து லிட்டர், சாயங்காலம் ஏழு என்று குறையாமல் கறந்துகொண்டிருந்தது. ஒரு நாள் விடியற்காலை பின் இடது காம்பில் முதல் பீச்சு பீச்சியபோது நொய்யரிசி மாதிரி நாலைந்து திரி விழுந்தது. வீக்கம் இல்லை, சூடு இல்லை, மாடு தீவனமும் எடுத்தது. சரி, பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் அந்தக் காம்புப் பக்கம் மட்டும் கல் மாதிரி ஆகிவிட்டது.

சினை ஊசி போட வருகிறவரையே கூப்பிட்டேன். ஐந்து நாள் போட வேண்டும் என்றார். இரண்டாம் நாளே பால் வெளுத்துவிட்டது. மூன்றாவது ஊசியோடு போதும் என்று சொன்னது நான்தான். ஊசிக்கும் காசு, அந்தப் பாலையும் சாக்கடையில் கொட்ட வேண்டும் என்றால் யாருக்குத்தான் மனசு வரும்?

பதினைந்தாம் நாள் அதே காம்பில் திரி. இந்த முறை வேறு ஊசி, கூடவே காம்புக்குள் ஏற்றும் ட்யூப். சரியானது. இருபது நாள் கழித்து மறுபடியும் வந்தது. மூன்றாவதாக ஒரு மருந்து. அதற்கும் இதே கதை.

கடைசியில்தான் கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். டாக்டர் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஒரு தடவையாவது பாலைப் பரிசோதனைக்கு அனுப்பினீர்களா?" இல்லை. கடைசி ஊசி போட்டுச் சில நாள் கழியட்டும் என்று சொல்லி, மூடி போட்ட சின்ன பாட்டில் ஒன்றைக் கொடுத்தார். மடியைக் கழுவித் துடைத்து, காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் அழுக்கு ஒட்டாத வரை துடைத்து, முதல் மூன்று பீச்சைக் கீழே விட்டு, பாட்டிலைச் சாய்த்துப் பிடித்துப் பீச்ச வேண்டும். பாட்டிலின் வாயில் விரல் படக் கூடாது. அதை ஐஸ் போட்ட டீ பிளாஸ்கில் வைத்து, பஸ் ஏறி மாவட்ட நோய் புலனாய்வுப் பிரிவில் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் முடிவு வாங்கப் போனபோது தட்டையே காட்டினார்கள். வெளிறிய மஞ்சளில் ஜெல்லி மாதிரி ஒரு வட்டத் தட்டு. அதன்மேல் ஸ்டிக்கர் பொட்டு அளவுக்கு ஆறு வெள்ளைக் காகிதத் துண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து ஊறியிருக்குமாம். மருந்து வேலை செய்தால் பொட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிந்த வட்டம் விழும். எனக்கு இரண்டைச் சுற்றித்தான் வட்டம். மற்ற நான்கிலும் கிருமி பொட்டை ஒட்டிக்கொண்டே வளர்ந்திருந்தது. அந்த நான்கில் மூன்று, நான் காசு கொடுத்துப் போட்ட மருந்து.

வட்டம் விழுந்த மருந்தையும் முழுசாகப் போட்டுப் பார்த்தாயிற்று. ஒரு மாதம் நன்றாக இருந்தது, அப்புறம் மறுபடியும் திரி. அந்தக் காம்பைக் கறவாமல் வற்ற விட்டுவிடலாம் என்கிறார் டாக்டர். தட்டில் செத்த கிருமி மடியில் ஏன் சாகவில்லை? யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

தவிட்டுமூட்டை

அண்ணா, உங்களுக்கு ஒரு காம்பு. எனக்கு ஒரே ஈத்தில் ஐந்து மாடு.

பதினாலு மாடு, மெஷின் கறவை. சந்தையில் பிடித்த ஒரு மாட்டோடுதான் உள்ளே வந்தது. பார்க்க மடி பஞ்சு மாதிரி இருந்தது, பாலும் வெள்ளையாகத்தான் இருந்தது. நான்கு குழித் தட்டில் ஒவ்வொரு காம்புப் பாலையும் தனித்தனியாகப் பீச்சி, அதே அளவு கலிபோர்னியா டெஸ்ட் மருந்தை விட்டுச் சுழற்றினால், நோய் இருக்கிற பால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி கொழகொழவென்று திரளும். வாங்கிய அன்றே இதைச் செய்திருந்தால் ஐந்து நிமிட வேலை. நான் செய்தது மூன்றாவது மாட்டுக்கு மடி வீங்கிய பிறகு. கறவை மெஷினின் ரப்பர்தான் ஒரு காம்பிலிருந்து அடுத்த காம்புக்குக் கொண்டுபோயிருக்கிறது. ரப்பரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே நகக்கீறல் மாதிரி வெடிப்பு.

இன்னொன்று. ஊசி போட்ட மாட்டுப் பாலைக் கீழே ஊற்றச் சொல்லியிருந்தேன். வீணாகப் போகிறதே என்று கறவைக்கார அண்ணன் ஒரு சொம்பு வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். மறுநாள் வந்து, "அக்கா, ராத்திரி உறை ஊற்றிய பால் காலையிலும் பாலாகவே நிற்கிறது" என்கிறார். உறைமோரில் இருக்கிற நல்ல கிருமியை அந்த மருந்து கொன்றுவிட்டது. தயிருக்கே இப்படி என்றால், அதைக் காய்ச்சிக் குடிக்கிற குழந்தை வயிற்றுக்குள் என்ன நடக்கும் என்று அன்று ராத்திரி தூக்கமே இல்லை. காய்ச்சினால் மருந்தெல்லாம் போய்விடும் என்று நினைக்காதீர்கள், முழுசாகப் போகாது. மருந்து அட்டையில் எத்தனை நாள் பால் ஊற்றக் கூடாது என்று போட்டிருக்கிறதோ அத்தனை நாளும் ஊற்றக் கூடாது.

இப்போது நல்ல மாடு முதலில், கன்று போட்ட புது மாடு அடுத்து, நோய் மாடு கடைசி. கறந்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்கி, உடனே தீவனம் போட்டு அரை மணி நேரம் நிற்க வைக்கிறோம். கறந்த சூட்டில் காம்பின் வாய் திறந்தே இருக்கும், அப்போது படுத்தால் சாணியில்தான் படுக்கும்.

இரண்டு மாட்டைக் கழித்துவிட்டேன். எங்கே கழித்தேன் என்றால், வாங்கின அதே சந்தையில். வாங்கினவரிடம் சொல்லவில்லை. என்னிடம் விற்றவரை நான் எத்தனை நாள் திட்டியிருக்கிறேன்!

ஓய்வுபெற்றஊசி

உங்கள் கேள்விக்கு வருகிறேன் தம்பி. லேப் கொடுத்த முடிவுக் காகிதத்தில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், அதுவாகத்தான் இருக்கும். அந்தக் கிருமி மடித் தசைக்குள் சின்னச் சின்னச் சீழ்க்கட்டியாக உட்கார்ந்துகொள்ளும். அதைச் சுற்றி நார் கட்டிவிடும், நீங்கள் தொட்டுப் பார்க்கிற கெட்டி அதுதான். மருந்து அதற்குள் சரியாகப் போகாது. போதாததற்கு, கிருமியை விழுங்க வருகிற வெள்ளணுவுக்குள்ளேயே உயிரோடு ஒளிந்திருக்கும். தட்டில் கிருமி வெட்டவெளியில் நிற்கிறது, மடியில் கோட்டைக்குள் இருக்கிறது.

மருந்தையே எதிர்ப்பது வேறு கதை. பெனிசிலினை உடைக்கும் நொதியை இதில் பல ரகம் வைத்திருக்கிறது. அந்த நொதிக்கு அசையாத மருந்து வேண்டும் என்றுதான் ட்யூபில் குளோக்சாசிலின் சேர்த்தார்கள். சில ரகம் மருந்து போய் ஒட்ட வேண்டிய இடத்தையே மாற்றிக்கொண்டது. அதற்குக் குளோக்சாசிலினும் பலிக்காது, அதைத்தான் எம்.ஆர்.எஸ்.ஏ. என்பார்கள். இங்கிலாந்தின் தென்மேற்கில் 2007இல் எடுத்த ஒரு பால் மாதிரியில் இருந்த கிருமி, வழக்கமான மரபணுச் சோதனையில் சிக்கவில்லை. அதில் இருந்தது புது ரக மரபணு என்று 2011இல் வெளியிட்டார்கள், மெக்-சி என்று பெயர். அதே ரகம் மனிதர்களிடமும் இருந்தது. மாட்டு நோய் மாட்டோடு போகும் என்று சொல்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நம் நாட்டில் 2019இல் கொலிஸ்டினைக் கால்நடைக்கும் கோழிக்கும் தடை செய்ததும் இந்தப் பயத்தில்தான். வேறெதுவும் கேட்காத மனித நோயாளிக்குக் கடைசியாகக் கையில் இருக்கிற மருந்துகளில் அது ஒன்று.

நானும் சர்வீஸில் மனிதருக்கும் போடுகிற வலுவான மருந்தான செஃப்ட்ரையாக்சோனைக் கைக்குக் கிடைத்ததென்று போட்டவன்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாடு காய்ச்சலில் நடுங்குகிறது, பால் தண்ணீராக மஞ்சளாக வருகிறது. லேப் முடிவு வரட்டும், மூன்று நாள் பொறு என்று எந்த வாயால் சொல்வது? அதற்குள் மாடு செத்துவிடும். ஆனால் ஊசி போடுவதற்கு முன்னால் ஒரு பாட்டிலில் பாலைப் பிடித்துக் குளிரில் வைக்க இரண்டு நிமிடம் போதும். ஊசியும் போடலாம், முடிவு வந்ததும் மருந்தை மாற்றவும் செய்யலாம். இதை நான் கற்றுக்கொள்ளப் பத்து வருஷம் ஆனது. வீட்டில் பாட்டிலை நீங்களே வைத்திருங்கள், டாக்டர் மறந்தாலும் எடுத்து நீட்டலாம்.

காம்பை வற்ற விடுங்கள். மற்ற மூன்றும் ஓரளவு ஈடுகட்டும்.

பசும்பாறை

கற்றாழை வைத்தியத்தை யாரும் சொல்லவில்லையே. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50, சுண்ணாம்பு 15. அரைத்தால் ஆரத்தி நிறத்தில் வரும். பாலைச் சுத்தமாகக் கறந்துவிட்டு, மடியைக் கழுவி, ஒரு கை விழுதைத் தண்ணீரில் கரைத்துப் பூச வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து தடவை, ஐந்து நாள். கூடவே எலுமிச்சம்பழம் தின்னக் கொடுப்பது. எங்கள் எருமைக்கு வீக்கம் கண்ட அன்றே ஆரம்பித்து ஊசி இல்லாமலே சரியானது. அதே விழுதைப் பக்கத்து வீட்டில் மூன்று மாதக் கெட்டிக்குப் பூசினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. காய்ச்சல் இருந்தால் இதை நம்பி உட்காராதீர்கள். பத்து தடவை என்பதை இரண்டு தடவை ஆக்கிவிட்டுக் கேட்கவில்லை என்கிறவர்களும் இருக்கிறார்கள்.

மூன்றுமாட்டுக்காரன்

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னது சரி, காகிதத்தில் அந்தப் பெயர்தான் இருக்கிறது. காம்பு வற்றிவிட்டது. மூன்று காம்பில் பதின்மூன்று லிட்டர் வரைக்கும் வருகிறது.

நேற்று ஜெர்சி ஒன்றுக்கு முன் வலது காம்பில் இரண்டு திரி விழுந்தது. டாக்டர் அம்மா மத்தியானம் வந்தார். வருவதற்கு முன்பே பாலைப் பிடித்து வைத்துவிட்டேன். பாட்டில் இப்போது ஃபிரிட்ஜில் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, காலை முதல் பஸ்ஸில் போகும். மோர் என்று நினைத்து யாராவது குடித்துவிடப் போகிறார்கள் என்று என் அம்மா அதன் கழுத்தில் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறார்.