கிறீனின் தமிழ் மருத்துவ நூல்களை எங்கே, எப்படித் தேடுவது?

செவிலியர் ஆசிரியை:
வணக்கம். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, 1864 முதல் மாணவர்களுக்குத் தமிழிலேயே பாடம் நடத்தினார் என்று படித்திருக்கிறேன். உடற்கூற்றியல் கற்பிக்கும் எனக்கு, அப்பாடம் அந்நாளில் எந்தச் சொற்களில் சொல்லப்பட்டது என்பதை மூலப் பதிப்பிலேயே பார்க்க ஆசை. நூலக அட்டவணைகளில் 'உடற்கூற்றியல்', 'அறுவை மருத்துவம்' என்று தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. வழி சொல்லுங்கள்.

பழநூல் விரும்பி:
அம்மா, நீங்கள் இன்றைய சொற்களால் தேடியிருக்கிறீர்கள். கிறீனுக்கு உடற்கூற்றியல் 'அங்காதிபாதம்', உடலியங்கியல் 'சுகரணம்', அறுவை மருத்துவம் 'இரண வைத்தியம்', வேதியியல் 'கெமிஸ்தம்'. இவற்றுள் 'இரண வைத்தியம்' 1867-இலும், ஆங்கிலேய மருத்துவர் ஹென்றி கிரேயின் உடற்கூற்று நூலை வைத்து எழுந்த 'மனுஷ அங்காதிபாதம்' 1872-இலும், 'கெமிஸ்தம்' 1875-இலும் வெளிவந்தன. 'ரண', 'மனுச' என்ற வடிவங்களையும் விட்டுவிடாதீர்கள். மொழிபெயர்ப்பை மூல ஆசிரியரின் பெயரில் பதிவு செய்வதும் நூலக வழக்கம் என்பதால், கிறீனோடு கிரேயையும் தேடுங்கள்.

சுவடிக்கூடம்:
சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும், இணையத்தில் ஈழத்து நூல்களைத் திரட்டிவரும் 'நூலகம்' என்ற தளத்தையும் முதலில் பாருங்கள். மின்வருடப்பட்ட பக்கத்துக்குள் சொல் தேடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'தலை', 'மூளை' ஆகிய சொற்களின் லை, ளை அக்காலத்தில் மேலே துதிக்கை போல் வளைந்த பழைய வடிவில் அச்சிடப்பட்டன. கணினி அவற்றைப் பெரும்பாலும் தவறாகவே வாசிக்கும். எனவே தேடுபெட்டியை நம்பாமல் பொருளடக்கத்தைப் பார்த்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே நல்லது. நேரம் பிடிக்கும், ஆனால் ஓர் எலும்புக்கு எந்தச் சொல்லைத் தேர்ந்தார், எதை ஒலிபெயர்த்து விட்டார் என்பதெல்லாம் அப்படிப் புரட்டும்போதுதான் கண்ணில் படும்.

மானிப்பாய் வாசகன்:
நூல்களோடு நின்றுவிட வேண்டாம். அவரை அனுப்பிய அமெரிக்க மிஷனின் ஆவணங்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. 1873-இல் ஊர் திரும்பிய பிறகும், 1884-இல் மறையும்வரை, அமெரிக்காவின் வூஸ்டரில் இருந்தபடியே அவர் தமிழ்ப் பணியைத் தொடர்ந்தார் என்பதால், அந்தப் பிற்காலத்தையும் சேர்த்துத் தேடுவது அவசியம். கலைச்சொல் உருவான கதைக்குக் கடிதங்களும் அறிக்கைகளுமே நேரடிச் சான்று.

செவிலியர் ஆசிரியை:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 'அங்காதிபாதம்' என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். எலும்புகளைப் பற்றிய பகுதி கிடைத்தால், அதன் சொற்களை என் வகுப்புப் பாடநூலோடு வரிசையாக ஒப்பிட்டு இங்கேயே பதிவிடுகிறேன்.