புதுப்பிப்பு: டெஸ்லா கேமராவை டேஷ்கேமாக்க எந்தப் பென்டிரைவ்?

டெஸ்லா காரின் கேமராக்களையே டேஷ்கேமாக, அதாவது சாலைக் காட்சியைப் பதிவு செய்யும் கேமராவாகப் பயன்படுத்த 'எந்தப் பென்டிரைவும் போதும்' என்று முன்பு எழுதியிருந்தேன், அது தவறு. குறைந்தது 64 ஜிபி, விடாமல் நொடிக்கு 4 எம்பி எழுதும் திறன் வேண்டும். பென்டிரைவின் பேக்கிங் அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம், ஏமாறாதீர்கள். பல கேமராக்கள் ஒரே நேரத்தில் எழுதுவதால் மெதுவான டிரைவ் திணறி, காட்சி நடுவே விட்டுப்போகும். டிரைவை ஃபார்மேட் செய்யும் வகைகளில் என்டிஎஃப்எஸ் (NTFS) ஆகாது, எக்ஸ்ஃபேட் (exFAT) சரி. வண்டித் திரையிலேயே ஃபார்மேட் செய்தால் பதிவுகள் சேரும் டெஸ்லாகேம் (TeslaCam) ஃபோல்டரும் தானே உருவாகும்.

அண்மைப் பதிவுகள் நெடுநேரம் நிற்காது, பழையவை அழிந்துவிடும். இடித்ததும் கேமரா ஐகானைத் தொடுங்கள்; கடைசி 10 நிமிடம் தனியே சேமிக்கப்படும். பதிவை நிறுத்தாமல் டிரைவைப் பிடுங்கினால் கோப்பு கெடும். ஒலி பதிவாகாது, அது வேண்டுமானால் தனி டேஷ்கேம்தான்.