மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ்? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

செவ்வாய்ப்பேட்டை டியூஷன்:
ஏழாம் வகுப்பு, முழுக்கள் பாடம். வழக்கம்போல மிகை என்றால் வரவு, குறை என்றால் கடன் என்று ஆரம்பித்தேன். கூட்டல், கழித்தல்வரை வண்டி ஓடியது. பெருக்கலுக்கு வந்ததும் கடைசி வரிசைப் பெண் எழுந்தாள். "எங்கள் அப்பா இரண்டு பேரிடம் கடன் வாங்கியிருக்கிறார். பெருக்கினால் சொத்தாகிவிடுமா சார்?" யாரும் சிரிக்கவில்லை. அவள் அப்பா கொலுசுப் பட்டறையில் கூலிக்கு இருப்பவர். "விதி அப்படித்தான், எழுதிக்கொள்" என்றேன். (−5) × (−3) = 15. அந்த 15-ஐ மட்டும் தாள் நைந்துபோகும்வரை அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாகிறது, அந்தத் தாள் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அடிவாரத்துக்காரன்:
அக்கா மகனுக்கு ஏற்காட்டிலிருந்து இறங்கும் பஸ்ஸில்தான் விளங்கியது. 20 கொண்டை ஊசி வளைவு. இறக்கம் மைனஸ், கடந்த நேரமும் மைனஸ். "ஐந்து நிமிடத்துக்கு இரண்டு வளைவு இறங்குகிறோம் என்று வைத்துக்கொள். பதினைந்து நிமிடம் முன்னால் எங்கே இருந்தோம்?" "ஆறு வளைவு மேலே" என்றான், வாந்திப் பையை முகத்திலிருந்து எடுக்காமலேயே.

பழைய கணக்கு வாத்தியார்:
பஸ் கதை கேட்க நன்றாக இருக்கிறது, நிரூபணம் ஆகாது. "பஸ்ஸே இல்லாவிட்டால்?" என்று என் பேத்தி ஒரே கேள்வியில் மடக்கிவிட்டாள். டியூஷன்காரரே, கடன் உவமைக்காக வருந்தாதீர்கள். 628-இல் கணித அறிஞர் பிரம்மகுப்தரே கடனைக் கடனால் பெருக்கினால் தனம் என்றுதான் சொன்னார். ஆனால் உவமையோடு நிற்கக் கூடாது. முதலில் (−5) × 2 = −10, (−5) × 1 = −5, (−5) × 0 = 0 என்று படிபோல எழுதவையுங்கள். படிக்குப் படி ஐந்து கூடுவதையும், அடுத்த படி (−5) × (−1) = 5 என்று வருவதையும் பிள்ளைகளே பார்ப்பார்கள். பிறகு பங்கீட்டுப் பண்பு: கூட்டிப் பெருக்கினாலும், தனித்தனியே பெருக்கிக் கூட்டினாலும் விடை ஒன்றே. 3 + (−3) பூச்சியம். அதை −5-ஆல் பெருக்கினாலும் பூச்சியம். அதில் (−5) × 3 என்ற பங்கு −15. மிச்சப் பங்கு (−5) × (−3). இரண்டும் சேர்ந்து பூச்சியமாக வேண்டுமானால் அது 15-ஆகத்தான் இருக்க முடியும். இன்னொன்று, பேனாவில் எழுதச் சொல்லுங்கள். ரப்பர் கொடுப்பதுதான் பிள்ளைகளைக் கெடுக்கிறது.

பட்டறை வீட்டு மகள்:
ஐயா, அந்தப் பெண் நிரூபணமா கேட்டாள்? எங்கள் வீடும் பட்டறை வீடுதான். ஒரு தீபாவளிக்கு முதலாளி நோட்டைப் பிரித்து, அப்பா பெயரில் இருந்த மூன்று ஐந்நூறு ரூபாய்க் கடன்களைச் சிவப்பு மையால் அடித்தார். மூன்று கோடு. −500 மூன்று முறை நீங்கியது, அப்பாவுக்கு 1,500 ரூபாய் மிச்சம். அன்று கடனைக் கடனால் யாரும் பெருக்கவில்லை. ஒரு மைனஸ் கடன், இன்னொரு மைனஸ் அந்தக் கோடு.

செவ்வாய்ப்பேட்டை டியூஷன்:
இது அன்று தோன்றாமல் போயிற்றே அம்மா. அவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு, டியூஷனை நிறுத்திவிட்டாள். காலையில் சைக்கிளில் எங்கள் தெரு வழியாகத்தான் போகிறாள். வாத்தியார் ஐயாவுக்கு ஒன்று: ரப்பர் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை.