கார்போர்ட்டுக்குத் தமிழ்ல என்ன போடலாம்? (அவசரம்)

மொழிபெயர்ப்பு மேசை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டோட கார்போர்ட் கட்டிக்கிறவங்களுக்கான கையேடு ஒண்ணு தமிழாக்கிக்கிட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். கார் ஷெட்னு எழுதிட்டுப் போயிடலாம்னுதான் பார்த்தேன், ஆனா ஒரு அட்டவணையில கராஜ், கார்போர்ட், போர்டிகோ, பெர்கோலா (கொடி படர விடற சட்டப் பந்தல்) நாலும் அடுத்தடுத்து வருது. கராஜுக்கு நாலு பக்கமும் அடைப்பு, கதவு. கார்போர்ட்டுக்குத் தூணும் கூரையும்தான், குறைஞ்சது ரெண்டு பக்கமாவது திறந்திருக்கும். அது சொல்லுலயே தெரியணும். வரைபடத்துக்குள்ளயும் வருது, நீளமா இருந்தா கட்டத்துல அடங்காது.

வேர்ச்சொல் எழுதியது:

மகிழுந்து நிழற்கவிகை. கவிதல்னா மேல கவிஞ்சு மூடறது. "கவிகைக்கீழ்த் தங்கும் உலகு"ன்னு குறள்ல (389) குடைக்கு ஆண்ட சொல். உலகமே தங்கும்போது ஒரு கார் தங்காதா? கொட்டகை, ஷெட் எதுவும் வேண்டாம்.

பாதித்தமிழ் எழுதியது:

ஐயா, கட்டத்துல அடங்காதுன்னு அவங்க இப்பத்தான் சொன்னாங்க. அதோட கவிகையில ஒரு எழுத்து பிசகினா கவிதை. மகிழுந்து நிழற்கவிதைன்னு அச்சாகி வந்தா யார் பொறுப்பு?

வேர்ச்சொல் எழுதியது:

சிரிக்கலாம். ஆனா கவிகைக்கு ஈகைன்னும் பொருள் உண்டு, கொடுக்கிற கை கவிஞ்சுதானே இருக்கும். குடை, கொடை ரெண்டுமே ஒரே சொல்லுக்குள்ள இருக்கு, குவிதல், கவிதல், கவ்வுதல் மூணுக்கும் அடியில என்ன வேர் இருக்குன்னு தேடிக்கிட்டுப் போனா

(மீதி பதினாறு வரி நீக்கப்பட்டது. குழு மட்டுறுத்துநர்)

ஒற்றெழுத்து எழுதியது:

என் ஓட்டு கார்ப்பந்தல். தூண், மேல கூரை, பக்கம் காலி. பந்தலுக்கு இலக்கணமே அதுதான். ப் கட்டாயம் வரணும், காருக்கான பந்தல்னு விரியறதால வல்லின ஒற்று மிகும்.

பாதித்தமிழ்:

இங்கிலீஷ் சொல்லுக்கு எதுக்குங்க ஒற்று? ஒற்று போட்டா அது தமிழ்க் கார், அதாவது மேகம். கார்காலம், கார்முகில் எல்லாம் இருக்கே. மேகம் போட்ட பந்தல்னு படிப்பாங்க.

ஒற்றெழுத்து:

படிக்கட்டுமே, கூரையே மழைக்குத்தானே!

நூலகத்து மூலை எழுதியது:

தேர் நிக்கற இடம் தேர்நிலைன்னா இது ஊர்திநிலை ஆகலாமே. பந்தல்னதும் இன்னொண்ணு தோணுது. முல்லைக்கொடி படரறதுக்குப் பாரி தன் தேரையே விட்டுட்டு வந்தான், அங்க தேரே பந்தல் ஆச்சு. நாம இங்க தேருக்குப் பந்தல் தேடிக்கிட்டு இருக்கோம். பந்தல், பந்தர் ரெண்டும் கடைப்போலி (கடைசி எழுத்து மாறினாலும் பொருள் மாறாது), வேணும்னா கார்ப்பந்தர்னும் போடலாம், கேக்க நல்லா இருக்கு.

மொழிபெயர்ப்பு மேசை:

நல்லாத்தான் இருக்கு, ஆனா ஊர்திநிலைன்னா வண்டி நிறுத்தற எந்த இடமும் ஆயிடும், கூரை எங்கேன்னு கேப்பாங்க. யாராவது கட்டறவங்க இருந்தா சொல்லுங்களேன்.

கூரைவேலை எழுதியது:

நான் வெல்டிங், ஷீட் வேலை பண்றவன். இலக்கணம் தெரியாது, தப்பா நெனைக்காதீங்க. பந்தல்னு போட்டா கட்டறவன் லேசா எடுத்துப்பான், அதான் என் பயம். பக்கத்துல சுவர் இல்லாததால காத்து அடியில புகுந்து ஷீட்டை மேல தூக்கும், கூரை கீழ உக்காருமோன்னு பயப்படறதைவிட மேல கிளம்புமோன்னுதான் பயப்படணும், அதுக்குத்தான் தூணுக்கடியில பேஸ் பிளேட் வச்சு ஆங்கர் போல்ட் போட்டு காங்கிரீட்டோட புடிச்சுக்கட்டறோம், வெறும் குழியில பைப்பை நட்டு மண்ணைத் தள்ளிட்டுப் போறதில்ல. கொட்டாய்னு போடுங்க, எல்லாருக்கும் புரியும். அப்புறம் அம்மா, நீங்க அனுப்பின மாதிரிப் பக்கத்துல "சரிவுக்கோணம்"னு இருக்கு. அது வாட்டம். 5 டிகிரி வாட்டம்னா மீட்டருக்கு 9 சென்டிமீட்டர் கிட்ட இறங்கும், அப்படி எழுதினா சைட்ல டேப் வச்சே பார்த்துப்பான்.

மொழிபெயர்ப்பு மேசை:

வாட்டம்! மாத்திட்டேன். நன்றிண்ணா. வீட்டுச் சுவரோட ஒட்டி ஒரு பக்கம் மட்டும் தூண் வர்றதை என்ன சொல்வீங்க?

கூரைவேலை:

சாய்ப்பு. பாலிகார்பனேட் ஷீட்ல வெயில் தாங்கற பக்கம்தான் மேல வரணும்னு இருக்கான்னும் பார்த்துக்கோங்க, திருப்பிப் போட்டா சீக்கிரமே மஞ்சளாகி வெடிப்பு விடும்.

வேர்ச்சொல்:

சாய்ப்பு நல்ல தமிழ், ஏத்துக்கறேன். ஆனா கொட்டாய் கொச்சை. கொட்டகைன்னு திருத்தினாலும் அது வடமொழி கோஷ்டத்துலேர்ந்து வந்ததுன்னு ஒரு கட்சி இருக்கு.

பாதித்தமிழ்:

எனக்கு வேற சந்தேகம். சினிமாக் கொட்டகைக்குச் சுவர் இல்லையா? கொட்டகைன்னா திறந்ததுன்னு எப்படித் தெரியும்? சிம்பிளா கார் கூரைன்னு போட்டா என்ன?

ஒற்றெழுத்து:

கார் கூரைன்னா காரோட தகரம்ங்க. கையேட்டுல "கார் கூரைக்கும் கார்க்கூரைக்கும் நடுவுல போதுமான இடைவெளி விடவும்"னு ஒரு வரி வரும், அந்த ஒரு க் இல்லேன்னா வீட்டுக்காரர் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நிப்பார். ஒற்று எதுக்குன்னு கேட்டீங்களே, இதுக்குத்தான்.

பாதித்தமிழ்:

சரி, அதை வாபஸ் வாங்கிக்கறேன். கோயில் மாதிரி ஊர்தி + இல்?

ஒற்றெழுத்து:

ஊர்தியில். "ஊர்தியில் ஊர்தியை நிறுத்தவும்." போதும்ங்க.

நூலகத்து மூலை:

மூலச்சொல்லையும் கொஞ்சம் பார்த்துடலாம். இதைப் பரப்பினவர்னு ஃபிராங்க் லாயிட் ரைட்டைச் சொல்லுவாங்க, அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930கள்ல செலவு குறைச்சுக் கட்டின யூசோனியன் வீடுகள்ல கராஜையே எடுத்துட்டு வீட்டுக் கூரையை நீட்டி அதுக்கடியில காரை விட்டார். போர்ட்னா துறை, கப்பல் ஒதுங்கற மாதிரி. அப்போ மகிழுந்துத்துறை?

கூரைவேலை:

அதுக்கு அமைச்சர் யாருங்க?

மொழிபெயர்ப்பு மேசை:

நாளைக்குக் காலையில பக்கம் போகுது, அதனால கணக்குப் பார்த்துட்டேன். கார்ப்பந்தலுக்கு ரெண்டு பேர், கொட்டகைக்கு மூணு பேர், அதுல ஒருத்தர் "எதுவோ ஒண்ணைப் போட்டு முடிங்க"ன்னு தனிமடல்ல சொன்னவர், அவரையும் சேர்த்துக்கிட்டேன். கராஜைக் கராஜ்னே விடறேன், கார்போர்ட்டுக்குக் கார்க்கொட்டகை. முதல் இடத்துல மட்டும் "பக்கம் திறந்த"ன்னு முன்னாடி சேர்க்கறேன், சுவரோட ஒட்டினது கார்ச்சாய்ப்பு. வரைபடக் கட்டத்துலயும் அடங்குது.

ஒற்றெழுத்து:

சம்மதம். வரைபடத்துல க் விட்டுப்போகாமப் பார்த்துக்கோங்க.

வேர்ச்சொல்:

எனக்குச் சம்மதமில்லைன்னு பதிவு பண்ணிக்கோங்க. அடுத்த பதிப்புல கவிகையை மறுபடி எடுப்பேன். நீக்கின அந்தப் பதினாறு வரியையும் தனியா அனுப்பறேன், வேணும்ங்கறவங்க சொல்லுங்க.

பாதித்தமிழ்:

பெர்கோலாவுக்கு என்ன போட்டீங்கன்னு சொல்லவே இல்லையே?

மொழிபெயர்ப்பு மேசை:

பெர்கோலா.