பி.எட் டீச்சிங் பிராக்டிஸ்: எட்டாம் வகுப்பில் பின்னமே தகராறு, பாடக்குறிப்பை எப்படி முடிப்பது?

கணக்குப்பிள்ளை_திண்டுக்கல் எழுதியது:

வணக்கம். பி.எட் இரண்டாம் ஆண்டு, கணிதம். திண்டுக்கல் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் போட்டிருக்கிறார்கள். முதலாண்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து உற்றுநோக்கல் பதிவேடு எழுதியதோடு சரி. இப்போதுதான் சாக்பீஸைக் கையில் எடுத்திருக்கிறேன்.

எட்டாம் வகுப்புக்கு விகிதமுறு எண்கள், அதாவது குறை எண்ணும் சேர்ந்த பின்னக் கணக்கு. காலாண்டுத் தேர்வில் அந்தப் பாடத்தில் பாதிப்பேர் கோட்டை விட்டதால், திரும்ப நடத்தச் சொல்லி வழிகாட்டி ஆசிரியர் என்னிடம் கொடுத்துவிட்டார். பாடக்குறிப்பு பக்காவாக எழுதி, ஊக்குவித்தலுக்கு சார்ட் ஒட்டி, எல்லாம் தயாராகத்தான் போனேன். முன்னறிவைச் சோதிக்க 1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்டேன். ஜன்னலோரம் இருக்கும் பையன் ஒருவன் எழுந்து, துளிகூடத் தயங்காமல், "2/5 அக்கா" என்றான். (டீச்சர் என்று யாரும் கூப்பிடுவதில்லை. புடவை கட்டினாலும் அக்காதான்.) சரி என்பவர்கள் கை தூக்குங்கள் என்றால் முக்கால்வாசிக் கைகள் மேலே. பின்னமே இப்படி இருக்கும்போது குறை எண்ணோடு சேர்த்து நான் எதை நடத்துவது? மீச்சிறு பொது மடங்கு எடுக்கச் சொல்லிக் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். அழகாகக் காப்பி பண்ணிக்கொண்டார்கள். அடுத்த கணக்கிலும் அதே கதைதான்.

இன்னொன்று. எந்த ஆசிரியர் லீவு போட்டாலும் அந்த வகுப்புக்கு என்னை அனுப்பிவிடுகிறார்கள். நேற்று ஏழாம் வகுப்பு சமூக அறிவியல். சத்தம் தாங்காமல் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தால், அங்கே ஒருவர் கம்பை எடுத்து நீட்டுகிறார். கல்லூரியிலிருந்து அடுத்த வாரம் வகுப்பைப் பார்க்க வருகிறார்கள். என்ன செய்யலாம்?

போனவருச_பயிற்சி எழுதியது:

கல்லூரியிலிருந்து வருபவர்கள் பார்ப்பது பாடக்குறிப்பு, துணைக்கருவி, கரும்பலகைக் கையெழுத்து, நேரத்துக்குள் முடித்தீர்களா என்பது. அந்த ஒரு வகுப்புக்கு மட்டும் எளிதான தலைப்பாக எடுத்து, மடமடவென்று பதில் சொல்லும் நாலு பேரை முன் பெஞ்சில் உட்கார வைத்துவிடுங்கள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் ஓட்டினோம். ரெக்கார்டை மட்டும் அன்றன்றைக்கே எழுதிவிடுங்கள். கடைசியில் மொத்தமாக உட்கார்ந்தால் கை ஒடிந்துவிடும்.

ஓய்வுபெற்ற_கணக்கு_வாத்தியார் எழுதியது:

அம்மா, முன் பெஞ்சில் நாலு பேரை உட்கார வைக்கும் வேலை வேண்டாம். அந்தப் பையனைக் கவனியுங்கள். அவன் சும்மா உளறவில்லை. பின்னங்களைப் பெருக்கும்போது தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் பெருக்கச் சொன்னது நாம்தானே? அதையே கூட்டலுக்கும் கொண்டுவருகிறான். போதாததற்கு, 10க்கு 6, இன்னொரு தேர்வில் 10க்கு 7, ஆக மொத்தம் 20க்கு 13 என்று மார்க் கூட்டிப் பேப்பரில் எழுதுவதும் நாம்தான். அவன் கண்ணுக்கு அதுவும் பின்னக் கூட்டல்தான்.

அதனால் மீச்சிறு பொது மடங்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் ஒரே கேள்வி: 2/5 என்பது அரைக்கு மேலா, கீழா? கீழே. அப்படியானால், அரை இருந்தது, அதோடு மூன்றில் ஒன்றையும் சேர்த்தாய், எப்படியடா அரையைவிடக் குறைந்தது? இதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். யாராவது ஒருவன் "தப்பு" என்பான். நீங்கள் சொல்லாதீர்கள்.

அப்புறம் ஆளுக்கு ஒரு பழைய காலண்டர் தாள். குறுக்கே இரண்டாக ஒரு மடிப்பு. பிரித்துவிட்டு நெடுக்கே மூன்றாக மடிக்க வேண்டும், உறையில் போடக் கடிதம் மடிப்பதைப் போல. விரித்தால் ஆறு கட்டம். அரைத் தாள் மூன்று கட்டம், மூன்றில் ஒரு பங்கு இரண்டு கட்டம். அவர்களே எண்ணி 5/6 என்பார்கள். ஆறு எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு, அப்போது கரும்பலகைக்குப் போங்கள். குறை எண்ணையும் இதே தாளில் காட்டலாம்: மூன்று கட்டம் கடன், இரண்டு கட்டம் கொடுத்துவிட்டாய், பாக்கி ஒரு கட்டம் கடன், அதாவது −1/6.

மூன்றாக மடிப்பதற்குள் பத்து நிமிடம் போய்விடும், போகட்டும். பாடக்குறிப்பில் அதையே செயல்பாடு என்று எழுதிக்கொள்ளுங்கள். பார்க்க வருபவர்கள் முன்னாலும் இதையே நடத்துங்கள்.

ஏழாம்_பீரியட் எழுதியது:

வாத்தியார் ஐயா சொல்வது சரி, ஆனால் அடுத்தவர் வகுப்பு விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நானும் அரசுப் பள்ளியில்தான் இருக்கிறேன். பயிற்சி மாணவர்கள் வந்தாலே தலைமையாசிரியருக்குப் பாதிப் பாரம் இறங்கிவிடும், அதுதான் நிஜம். நேராகப் போய் மாட்டேன் என்று சொல்ல வேண்டாம், வருகைச் சான்றில் கையெழுத்துப் போடுபவர் அவர். உங்கள் பாடவேளை, உற்றுநோக்கல், ரெக்கார்டுக்கான நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் அட்டவணையாக எழுதி, வழிகாட்டி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கித் தலைமையாசிரியர் மேசையில் வையுங்கள். மீதி நேரத்தில் கூப்பிட்டால் போய்விடுங்கள்.

கம்பு வேண்டவே வேண்டாம். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, குழந்தையை அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. நீட்டியவருக்கும் அது தெரியும். வேலையில் இருப்பவருக்குச் சங்கம் இருக்கிறது, உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

கணக்குப்பிள்ளை_திண்டுக்கல் எழுதியது:

நன்றி ஐயா, நன்றி ஏழாம் பீரியட். அட்டவணை நாளைக்கே எழுதிவிடுகிறேன். ஐயாவிடம் ஒரு சந்தேகம். அந்தப் பையனையே எழுப்பி, அரைக்கு மேலா கீழா என்று கேட்டால், எல்லோர் முன்னாலும் அவனைத் தப்பு என்று காட்டியதாக ஆகிவிடாதா? அவன் ஒருவன்தான் நான் கேட்டால் உடனே எழுந்து பதில் சொல்கிறான். அதையும் இழக்க மனசில்லை.

ஓய்வுபெற்ற_கணக்கு_வாத்தியார் எழுதியது:

நல்ல சந்தேகம். அவனை எழுப்பாதீர்கள். பக்கத்து வகுப்பில் இப்படி ஒரு விடை வந்தது என்று சொல்லி 2/5ஐக் கரும்பலகையில் எழுதிவிட்டு, மொத்த வகுப்பையும் கேளுங்கள். காலண்டர் தாள் விநியோகிக்கும் வேலையை அவனிடம் கொடுங்கள். தேதிப் பக்கம் கீழே இருக்கட்டும், இல்லாவிட்டால் ராசிபலன் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.